ஓரகத்தி வீட்டுக் கேட்டில் தொங்கிய கவர்கள்

எங்கள் வீட்டில் குப்பைக்கூடை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் சமையல்கட்டு மூலையில் தேடுவார்கள், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், பிறகு எப்படிம்மா இந்த எண்ணம் வந்தது என்று கேட்பார்கள். பூமியைக் காப்பாற்ற வேண்டாமா, பிள்ளைகளுக்கு நல்ல மண்ணை விட்டுவிட்டுப் போக வேண்டாமா என்று நானும் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு பல தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னதெல்லாம் பொய். பூமியைப் பற்றி எனக்கு அன்று ஒரு நினைப்பும் இல்லை. என் ஓரகத்தியைப் பழிவாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருவின் கடைசி இரண்டு வீடுகளில் ஒன்று அவளுடையது, எதிரில் இருப்பது என்னுடையது. நேரில் நான் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவேன், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவேன். எழுத்தில் எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் பிடித்து வந்து, இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். மகள் தருமபுரியில் காலேஜ் படிக்கிறாள், காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். ஆகவே பகல் முழுக்க எனக்கிருந்த துணை ஒரு செவலை மாடுதான். அதற்குப் பெயர் வைக்கவில்லை. 'ஏய்' என்றால் திரும்பிப் பார்க்கும், அது போதுமாக இருந்தது. கை அளவு சரியில்லை என்று யாராவது பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்தால் அவர்களைத் திட்டுவதை மாட்டிடம்தான் திட்டுவேன். அது அசைபோட்டுக்கொண்டே கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அது ஏழு மாதச் சினையாக இருந்தபோது, தீனி எடுப்பதை நிறுத்தியது. அசைபோடவில்லை. இடது பக்க வயிறு உப்பிக்கொண்டே வந்தது. நல்லெண்ணெய் கொடுத்தேன், பெருங்காயம் கரைத்து ஊற்றினேன். கால்நடை டாக்டர் இரண்டு தடவை வந்து ஊசி போட்டார். மூன்றாம் நாள் காலையில் சாணி வாரப் போனேன். காலை நீட்டிக் கிடந்தது. 'ஏய்' என்றேன். திரும்பவில்லை.

என்ன ஆனதென்று தெரிய வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். டாக்டர் வயிற்றைக் கீறினார். கன்று உள்ளேயே செத்திருந்தது. இரைப்பையிலிருந்து ஒரு பெரிய உருண்டையை இரண்டு கையாலும் இழுத்து எடுத்துத் தரையில் போட்டார். என் கண்ணுக்கு மொத்தமும் பிளாஸ்டிக்.

"இது ஒரே நாள்ல சேந்தது இல்லம்மா. வருசக்கணக்கா சேந்திருக்குது" என்றார்.

அவர் சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. நான் உருண்டையின் மேல் ஒட்டியிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழவழப்பான தாம்பூலப் பை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது தேங்காய் வெற்றிலை போட்டுக் கொடுப்பார்களே, அது. அதில் மணமக்கள் படம் அச்சடித்திருந்தது. மாப்பிள்ளை முகம் அழிந்துபோயிருந்தது. பெண் முகம் மூக்கு வரைக்கும் நன்றாகத் தெரிந்தது. என் ஓரகத்தியின் மூத்த மகள்.

அந்தக் கல்யாணத்துக்கு அடித்த பையில் ஒரு கட்டு மீந்துவிட்டது. எடுத்து வைத்த பையை வீணாக்குவானேன் என்று என் ஓரகத்தி தினமும் மீந்த சோற்றையும் குழம்பையும் அதில் கொட்டி, முடிச்சுப் போட்டு, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் ஓடைக்கரையில் வைத்துவிட்டு வருவாள். தெருவே அங்கேதான் குப்பை போடும், என் மாடு மேய்வதும் அங்கேதான். ஆனால் படம் போட்ட பை அவளுடையது மட்டும்தான். நான் அந்தப் பையை உருவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமா, அதாவது ஓரகத்தியின் வீட்டுக்காரர், ஆள் வைத்துக் குழி தோண்டி மாட்டையும் உருண்டையையும் ஒன்றாகப் புதைத்தார். நான் வெளியே வரவில்லை. உள்ளே உட்கார்ந்து சோப்புப் போட்டு அந்தப் பையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில், தெரு முழுக்க வாசல் தெளித்துக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, காய்ந்த பையைக் கொண்டுபோய் அவள் வீட்டு கேட்டில் மாட்டினேன்.

"அக்கா, உங்க பைங்க. என் மாட்டு வயித்துல இருந்துச்சு. வாங்கிக்கோங்க."

அவள் பையைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"நாயி இழுத்துப் பரப்பிடும்னுதான் புள்ள நல்லா இறுக்கி முடிச்சுப் போட்டு வெப்பன். சோத்தக் கீழ கொட்டுனா பாவம். வாயில்லா ஜீவன் தின்னட்டுமேன்னுதான் அங்க வெச்சன்."

"முடிச்ச அவுக்க அதுக்குக் கை இருக்குதுங்களா அக்கா?"

அப்போது மாமா வெளியே வந்தார். "அது இல்லம்மா, அந்த உருண்டையில..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"நீங்க பேசாம உள்ள போங்க" என்று அவள் அதட்டினாள். அவர் என் பக்கம் பேச வந்தார், அவரையும் இவள் அடக்கிவிட்டாள் என்று எனக்கு இன்னும் வெறி ஏறியது. அவள் என்னைப் பார்த்து, "போனது போயிருச்சு. அதுக்கு ஆயுசு அவ்ளோதான்னு மனசத் தேத்திக்க" என்றாள்.

ஆயுசு! நான்கு ஈற்றுகூட ஈனாத மாட்டுக்கு ஆயுசு அவ்வளவுதானாம். 'என்னால்தான் செத்தது' என்று அவள் வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டும். அதை வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு அவள் வாசலிலேயே தீர்மானித்தேன். மாட்டுக்காக நான் அழவில்லை. அழுவதற்கு நேரம் இல்லை, வேலை நிறைய இருந்தது.

முதல் வேலை என் வீட்டைச் சுத்தமாக்குவது. சண்டைக்குப் போகிறவள் முதலில் தன் கொல்லைக் கதவைச் சாத்த வேண்டும். நான் அவள் குப்பையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும்போது, உன் வீட்டுக் குப்பை மட்டும் எங்கே போகிறது என்று ஒருத்தி, ஒரே ஒருத்தி, கேட்டுவிடக் கூடாது. அதுவரை நானும் ஓடைக்கரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். பால் கவர், ஷாம்பு பாக்கெட், எண்ணெய்க் கவர் எல்லாம் போட்டேன். தையல் மிஷினுக்கடியில் சேருகிற வெட்டுத்துணியையும் நூலையும்கூட ஒரு கேரி பேக்கில் திணித்து அங்கேதான் வீசுவேன். அதைக் குப்பை என்றே நினைத்ததில்லை. துணிதானே.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருந்தவளிடம் சொம்பு எடுத்துப்போய்ப் பால் வாங்கினேன். சொந்த மாட்டில் கறந்த கையால் இன்னொருத்தி வீட்டில் சொம்பை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நாளும் என் ஓரகத்தியை நினைத்துக்கொள்வேன். கறி வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பாய் கடைக்குத் தூக்குப் போசியோடு போனேன். "என்னம்மா, கறிக்கடைக்கு வந்தீங்களா, டீக்கடைக்கு வந்தீங்களா?" என்று பாய் சிரித்தார். சிரிக்கட்டும். மளிகைக் கடைக்காரர்தான் முணுமுணுத்தார். பருப்புக்கு ஒரு பை, கடுகுக்கு ஒரு பை என்று நான் வெட்டுத்துணியில் தைத்து எடுத்துப்போன குட்டிப் பைகளை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா சீரகம்?" என்றார். சிவப்புப் பை என்றேன். வாரம் போகப்போக அவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

தலைக்கு ஷாம்பு போய் அரப்பு வந்தது. மகள் குதித்தாள்.

"காலேஜுக்கு இந்தத் தலையோட போவணுமாம்மா? நீ பெரியம்மாகூடச் சண்ட போடறதுக்கு என் முடி என்ன பண்ணுச்சு?"

"போறதுன்னா போ, இல்லன்னா தலைக்குத் தண்ணி ஊத்திக்காம போ" என்றேன். மாதாமாதம் அவளுக்கு வேண்டிய நாப்கினையும் பழைய பருத்திப் புடவையில் அடுக்கித் தைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம், புண் ஆகாமல் இருக்கிறது, இன்னும் நான்கு தை என்றாள். காய்கறித் தோலும் டீத்தூளும் கொல்லையில் ஒரு குழிக்குப் போயின. அந்த வருஷம் முருங்கை காய்த்த காய்ப்பைப் பார்த்துத் தெருவே கண் வைத்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஆயுதம் தயார் என்கிற திருப்திதான்.

மூன்று மாதத்தில் என் வீட்டிலிருந்து ஒரு கவர்கூட வெளியே போகவில்லை. அதன் பிறகு தினமும் காலையில் ஒரு கோலை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். அவள் சோறு கட்டிப் போடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். அதை நான் பொருட்படுத்தவில்லை. மற்றக் குப்பை வந்துகொண்டுதான் இருந்தது. முடிச்சைப் பார்த்தே அவளுடையது என்று சொல்லிவிடுவேன், முயல் காது மாதிரி இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டிருக்கும். பிரித்து, கழுவி, உதறி, ஒவ்வொரு கவராக அவள் வீட்டு கேட்டின் கம்பிகளில் சொருகுவேன். திருவிழாவுக்குத் தோரணம் கட்டின மாதிரி காற்றில் படபடக்கும்.

"அக்கா, உங்க பொருளுங்க. ஓடையில மறந்து வெச்சிட்டு வந்துட்டீங்க" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன்.

அவள் சண்டைக்கு வரவே இல்லை. வெளியே வந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துக்கொண்டு உள்ளே போவாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திருப்பிக் கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். ஒருத்தியின் குப்பையைத் தினமும் பிரித்துப் பார்த்தால் அவள் வீட்டில் நடப்பதெல்லாம் தெரிந்துவிடும். மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை கூடியிருந்தது. அவளுக்கு மூட்டுவலித் தைலம் வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது. தைல டப்பாவையும் கழுவி கேட்டின் மேல் வைத்தேன். இரக்கம் வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

இதில் நான் நினைக்காத ஒன்று நடந்தது. தெரு பயந்துவிட்டது. இன்றைக்கு அவள் கேட்டு, நாளைக்கு நம் கேட்டு என்று ஒவ்வொரு வீடாக ஓடைக்குப் போவதை நிறுத்தியது. பேரூராட்சி வண்டி வரும்போது இரண்டு வாளியில் பிரித்துக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். கொல்லையில் குழி தோண்டினார்கள். கடைசியில் என் ஓரகத்தியும் நிறுத்திவிட்டாள். ஒரு நாள் காலையில் கோலோடு போய்க் கரை முழுக்கத் தேடினேன், ஒரு முயல் காது கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தபோது எனக்கு வந்த ஏமாற்றத்தை என்னவென்று சொல்வது! தெரு சுத்தமாகிவிட்டது. என் வார்த்தை மட்டும் வந்து சேரவில்லை.

போன தையில் அவள் என் வீட்டுப் படி ஏறினாள். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தப் பெண்ணும் கூட வந்தாள். மிஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, "தாம்பூலத்துக்குத் துணிப் பை வேணும் புள்ள. மஞ்சத்துணி எடுத்துத் தர்றன். நீதான் தச்சுக் குடுக்கணும்" என்றாள்.

இதற்காகத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தேன். மிஷினை நிறுத்தினேன்.

"தச்சுத் தர்றங்க அக்கா. தாராளமா. ஆனா ஒரு வார்த்த சொல்லுங்க. என் மாடு யாரால செத்துச்சு?"

ஒரு வினாடிகூட அவள் யோசிக்கவில்லை. "என்னாலதான்" என்றாள்.

அவ்வளவுதான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் வயிற்றுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. இத்தனை லேசாகச் சொல்லக்கூடியதா அது? "கேக்கலீங்க அக்கா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

கூட நின்ற பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது.

"போதும் சித்தி! எங்கம்மா மட்டுமா கொன்னாங்க? அந்த உருண்டை முழுக்க உங்க பிளவுஸ் துணிதான், உங்க நூலுதான். பொதைக்கறப்ப எங்கப்பா பாத்தாரு. உங்ககிட்டச் சொல்ல வந்தவர அம்மாதான் வாயத் தெறக்கக் கூடாதுன்னு தடுத்துட்டாங்க. ரெண்டு வருசமா நீங்க கேட்டுல மாட்டுறதயெல்லாம் பேசாம எடுத்து மடிச்சு வெச்சிட்டு..."

"வாய மூடு" என்றாள் என் ஓரகத்தி.

நான் எழுந்து தெருவைத் தாண்டி மாமாவிடம் போனேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆமாம்மா. பச்சை, செவப்பு, ஜரிகை நூலுன்னு எல்லாம் இருந்துச்சு. கவர் எல்லாத்தையும் சேத்துச் சுத்திக் கட்டுன மாதிரி இருந்ததே அதுதான். மாடு போன வேதனையில கெடக்கறா, இதயும் சொன்னா அந்தப் புள்ள தாங்கமாட்டான்னு உங்கக்கா சொன்னா. நானும் உட்டுட்டன்."

வீட்டுக்கு வந்து மிஷினுக்கடியில் குனிந்து பார்த்தேன். அன்றைக்கு வெட்டிய துணியும் நூலும் ஒரு கூடையில் இருந்தன. டாக்டர் வருசக்கணக்கா என்று சொன்னாரே, அந்தக் கல்யாணப் பைக்கு அன்று வயது ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். அவளைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நல்ல மனுஷி யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது, முன்பைவிடப் பத்து மடங்கு. நான் தினமும் அவள் வாசலில் நின்று கத்தினபோதெல்லாம் என்னைப் பற்றித் தெரிந்த ஒன்றைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, பாவம் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யார் கேட்டார்கள் இவள் இரக்கத்தை? அவள் கையில் இருந்த அந்தப் பெருந்தன்மையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று துடித்தேன்.

அதற்கு இடம் தானாக அமைந்தது. அடுத்த வாரம் பேரூராட்சியிலிருந்து தூய்மைப் பணியைப் பார்க்கும் அம்மா வந்து, எங்கள் தெருவைப் போல மற்றத் தெருக்களும் ஆக வேண்டும் என்று ரேஷன் கடைக்கு முன்னால் கூட்டம் வைத்தார். நான்கைந்து தெருப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் ஓரகத்தி மூன்றாவது வரிசையில் இருந்தாள். மைக்கை என் கையில் கொடுத்து, எப்படி ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள் என்றார்கள்.

சொன்னேன். இந்தத் தடவை பூமி, காற்று எதையும் இழுக்கவில்லை. "என் மாட்டு வயித்துல எங்க அக்கா வூட்டுப் பை இருந்துச்சு. அத ஊரே அறிய நான் மாட்டிக் காட்டுனன். என் கவரும் இருந்துச்சு. எல்லாத்தையும் உருண்டையாக் கட்டுனது என் வூட்டு நூலு. இது எங்க அக்காவுக்கு அன்னிக்கே தெரியும். என் மனசு நோவக் கூடாதுன்னு ரெண்டு வருசமாச் சொல்லாம இருந்தாங்க. இனிமே அவங்க அத வெச்சிருக்க வேண்டியதில்ல. நானே சொல்லிட்டன்."

தேன் தடவித்தான் பேசினேன். உள்ளே இருந்தது முழுக்க விஷம். இனி அவளிடம் எனக்கெதிராக ஒன்றும் இல்லை, இரக்கப்பட ஒன்றும் இல்லை, நான் ஜெயித்துவிட்டேன் என்று அவளைப் பார்த்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ பெரிய மனசு உங்களுக்கு!" என்றாள். பின்வரிசையில் யாரோ கண்ணைத் துடைத்தார்கள். கூட்டம் கை தட்டியது. எனக்கு இல்லை, அவளுக்கு.

கூட்டம் முடிந்து நான் யாரிடமும் பேசாமல் விறுவிறுவென்று நடந்தேன். முட்டிவலியோடு அவள் பின்னாலேயே வருவது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. என் வீட்டு வாசலில் வந்து பிடித்துவிட்டாள். மூச்சு வாங்கியது. இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் அவள் குரல் உயர்ந்தது.

"நான் சொல்லணும்னு கேட்ட, சொல்லிட்டன். உன்னுதயும் நீயே சொல்லிட்ட. ஓடையும் சுத்தமாயிருச்சு. இன்னும் உனக்கு என்னதான் வேணும்? சொல்லு, இன்னிக்குச் சொல்லு!"

நல்ல கேள்வி. பதிலுக்கு எதையாவது சுருக்கென்று வீசலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என் மாடு வேணுங்க அக்கா" என்றேன்.

சொன்ன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு வருஷம் கழித்து, தெரு பார்க்க அழுதேன். அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.